மீதிப் பாட்டு

சடகோபனுக்கு வேலைக்குப் போக ரயிலில் இரண்டு மணி நேரம் ஆகும். ஜன்னலோரம் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வானொலியை வானம் பார்க்க வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மேகங்களுக்கும் மேலேயிருந்து பாட்டு மிதந்து இறங்கும். மலைக்குகைக்குள் ரயில் நுழைந்தால் மட்டும் வானொலிக்குத் தொண்டை அடைத்துவிடும்.

"பாதிப் பாட்டுல அவரைத் தவிக்க விட்டுடறேனே" என்று அது பக்கத்திலிருந்த டிபன் பாக்ஸிடம் புலம்பியது.

"அட போப்பா. வெட்கத்துல நீ காதைப் பொத்திக்கிறே. மீதிப் பாட்டை தினமும் அவர்தானே பாடறார்."

மறுநாள் குகைக்குள் வானொலி காதைப் பொத்தவில்லை. அவருக்குக் கரகரத்த குரல்தான். சுருதியும் சேரவில்லை. ஆனாலும் வானொலி சொக்கிப்போனது.

குகை முடிந்து வெயில் வந்தது. வானத்துப் பாட்டும் வந்து கதவைத் தட்டியது.

வானொலி வாயைத் திறக்கவில்லை.