இரண்டாவது துளி

பக்கவாதம் வந்து சங்கரலிங்கத்தின் தொண்டை முடங்கிய பிறகு, ரேஷன் கடையில் வாங்கிய துளிப்பெட்டிதான் அவருக்குச் சோறூட்டியது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கஞ்சியோ காப்பியோ, எதை ஊற்றினாலும் இம்மியும் பிசகாமல் கடுகுகடுகாகப் பிரித்துக் கொடுக்கும். ஒரு துளி பெரிதானாலும் அவருக்குப் புரையேறிவிடும். அவர் தொண்டையில் விரல் வைத்து, அது ஏறி இறங்கிய பிறகுதான் மனைவி பூரணி அடுத்த துளியை விடுவாள். ஒருவேளைச் சாப்பாட்டுக்கே பாதிப் பகல் போய்விடும்.

இன்று அவரை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட, முதல் ஆளாகக் கொழுந்தன் மாடசாமி கை நிறைய அரிசியோடு குனிந்தான்.

பூரணி பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். "போட்றாத தம்பி, புரையேறிரும்!"

"மதினி... அண்ணன் போயிட்டாவ மதினி."

அவள் காதில் அது விழவேயில்லை. அந்த அரிசியை வாங்கிப்போய் மிக்சியில் அரைத்து, நீர்க்கக் கரைத்து, துளிப்பெட்டியில் ஊற்றிக் கொண்டுவந்தாள். யாரும் தடுக்கவில்லை. முதல் துளி அவர் நாக்கில் விழுந்து அப்படியே நின்றது.

இரண்டாவதை விடுவதற்காக, அவர் தொண்டையில் விரலை வைத்தபடி பூரணி காத்திருந்தாள்.