காலண்டர் அட்டை

காற்று மூன்றாம் தேதி நின்றது. இன்று பன்னிரண்டு. எங்கள் பாய்மரப் படகு நின்ற இடத்திலேயே நிற்கிறது. குடிதண்ணீர் இரண்டு பேருக்கு மூன்று நாள் வரும். இன்ஜின் ஓடினால்தான் கரை.

இன்ஜினைக் குளிர்விக்கும் பம்ப் ஒழுகியது. வாங்கிய நாளிலிருந்து யாரும் திறக்காத பம்ப். மூடியைக் கழற்றினேன். அடியில் இருந்த அட்டை வளையம் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று வெட்ட அட்டை கேட்டேன். மனைவி காலண்டரில் இந்த மாதத்தைக் கிழித்து நீட்டினாள்.

"தேதி பாத்து ஆபீசுக்கா போகப் போறோம்? வெட்டுங்க."

பழைய வளையத்தை அளவுக்காக அதன்மேல் வைத்தேன். எண்ணெயைத் துடைத்ததும் அதிலும் தேதிகள் தெரிந்தன. அதே வருடம், அதே மாதம், அதே அட்டை.

முடிந்த நாளை அவள் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டு அடிப்பாள். கையிலிருந்த அட்டையில் அந்தக் குறி பதினொன்றோடு நின்றது. வளையத்தில் பதினான்கு வரை போயிருந்தது. பதினைந்திலிருந்து இருபது வரை வெறும் நேர்கோடுகள். நான் அடித்தால் அப்படித்தான் அடிப்பேன்.

"என்னங்க, அளவு சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு" என்றேன்.

அவள் தன் பங்குத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க குடிங்க. எனக்குத் தாகமே இல்ல."