தண்ணீருக்கு நின்ற ரயில்

எத்திலப்பனின் கிணற்றை நீராவி ரயிலுக்குக் கேட்டு வந்தவர் பக்கத்து ஊர்க்காரர், தங்கை புருஷன் பொம்முசாமி. "தண்ணி குடிக்க நிக்கிற வண்டி உங்க பஞ்சுப் பொதிய ஏத்தாமலா போயிரும், மச்சான்?" எத்திலப்பன் எழுதிக் கொடுத்தார். தண்டவாளக் கம்பிகளை இழுத்து வந்ததும் அவர் மாடுகள்தான்.

முதல் ரயில் வந்த அன்று பஞ்சுப் பொதிகளோடு வண்டி கட்டி நின்றார். ரயில் நின்றது, கோடைக் கிணற்றை உறிஞ்சித் தீர்த்தது.

"சரக்கெல்லாம் முந்தின ஊர்லயே ஏத்தியாச்சு. இங்க தண்ணி மட்டுந்தான்" என்றார் ரயில் கார்டு.

கடைசிப் பெட்டியில், தன் ஊரில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள்மேல் பொம்முசாமி உட்கார்ந்திருந்தார். "வெக்கை தாங்கல மச்சான். ஒரு செம்பு தண்ணி குடுங்க."

தங்கை புருஷன் கேட்டு இல்லையென்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. எத்திலப்பன் வாளியை இறக்கினார். கயிறு முழுவதும் போய், வாளி சேற்றில் உட்கார்ந்தது. அள்ளிய சேற்றோடு அதை அப்படியே மேலே இழுக்கத் தொடங்கினார்.