ராஜவேலு இருக்காரா?

"முதலாளி போன் பண்ணாரா?" என்று கேட்டாள் மனைவி எஸ்தர்.

"பண்ணுவாரும்மா. ராஜவேலு எடுத்துக் காட்டினாத்தான் முகூர்த்தப் புடவைன்னு எத்தினி குடும்பம் வந்துக்கினு இருக்குது! நான் இல்லாம கடை ஓடிடுமா?"

வாடிக்கையாளர்கள் எதிரில் முதலாளி திட்டிவிட்டார் என்று, பட்டுக்கடையில் பார்த்த இருபத்தெட்டு வருட வேலையை உதறிவிட்டு வந்தவர். பத்து நாள் ஆகிவிட்டது. கூப்பிட்டால் உடனே ஓடிவிடுவார், பாவம். கூப்பிடத்தான் ஆளில்லை.

பொறுக்க மாட்டாமல், எஸ்தரின் போனிலிருந்து கடைக்கு அடித்தார். குரலை மாற்றிக்கொண்டு, "சேலத்துல இருந்து பேசறேன். ராஜவேலு இருக்காருங்களா?" என்றார்.

"ராஜவேலுதான் சார் பேசறேன். கல்யாணம் எப்போ?" என்றது ஓர் இளங்குரல்.

அவர் போனை வைத்துவிட்டார்.

"அடப்பாவிங்களா! உங்க பேரைத் தூக்கி இன்னொருத்தனுக்கா குடுத்துட்டாங்க?" என்று கொதித்தாள் எஸ்தர்.

"எனக்கும் அது குடுத்த பேருதானே? நான் சேர்ந்த அன்னிக்கு, 'ராஜவேலு வேலைய விட்டு நின்னுட்டான், வர்றவங்க எல்லாம் அவனைத்தான் கேப்பாங்க, இனிமே நீதான்பா ராஜவேலு'ன்னாரு முதலாளி. அந்த மனுசனுக்கு என்னா ஆச்சுன்னு நான் ஒரு நாள்கூட கேக்கல எஸ்தரு" என்றார் ஜோசுவா.