பி சிக்ஸ் மட்டும்

"இது வேண்டாம் தம்பி. பி சிக்ஸ் மட்டும் இருக்கிறதைக் குடுங்க."

காலை ஏழரை மணிக்கே மருந்துக்கடையில் நின்றிருந்தாள் சாந்தம்மாள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பிள்ளைமடுவத்தில் ஆயா.

"சேச்சி, இதுல எல்லா பி வைட்டமினும் இருக்கு. விலையும் குறைவு."

"எல்லாம் இருக்கிறதுதான் வேண்டாம்ங்கிறேன்."

பத்து மாதக் குழந்தை ஜிஸ்மியை மடுவத்தில் விடப் போய்க்கொண்டிருந்த டின்சிக்குச் சிரிப்பு வந்தது.

"தாங்கக்கா, நான் படிச்சுச் சொல்றேன்."

"உனக்கெதுக்குத் தாயி சிரமம்..." சாந்தம்மாள் மறைப்பதற்குள் டின்சி அட்டைகளை வாங்கிவிட்டாள்.

"கான்வென்ட் படிப்பு! உப்பு வாங்கினாலும் கவரைப் படிச்சுட்டுத்தான் காசு தருவாங்க," என்றான் கடைக்காரன்.

முதல் அட்டையில் ஏழெட்டுப் பெயர்கள். இரண்டாவதில் ஒரே பெயர். பைரிடாக்சின்.

டின்சியின் சிரிப்பு நின்றது. சொந்த ஊரான கம்பத்தில் அவள் அப்பா சாகிற வரைக்கும் டி.பி. மாத்திரைகளோடு சேர்த்து முழுங்கியது இதைத்தான். டி.பி. மருந்தால் கை கால் மரத்துப்போகாமல் இருக்க, கூடவே கொடுப்பார்கள்.

"யாருக்குக்கா இது?"

"எனக்குத்தான். கால் மரத்துப்போகுது."

"அதுக்கு எல்லாம் கலந்ததே போதுமே. உங்களுக்கு டி.பி.யா?"

கடைக்கு வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"நாள் பூரா என் பிள்ளை உங்க இடுப்புலதானே இருக்கா? சொல்லுங்கக்கா!"

"உன் பிள்ளைக்கு ஒண்ணும் வராது தாயி. என்னை நம்பு."

டின்சி நம்பவில்லை. குழந்தையோடு நேராக சூப்பர்வைசர் சுருளிவேலிடம் போனாள். எட்டு மணிக்குள் மற்றத் தாய்மார்களும் மடுவத்து வாசலில் கூடிவிட்டார்கள்.

"டாக்டர் சீட்டைக் காட்டு சாந்தம்மா," என்றார் சுருளிவேல். "அதுல உன் பேரு இல்லேன்னா பேச்சு இதோட முடிஞ்சது."

சாந்தம்மாள் சீட்டை ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டாள்.

"காட்ட முடியாது சார்."

"வேலை போயிரும்."

"போனாப் போகட்டும்."

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கத்தினாள் டின்சி.

பையைத் தூக்கிக்கொண்டு சாந்தம்மாள் படியிறங்கியபோது, அவளிடம் பிள்ளைகளை விட்டு வளர்த்தவர்களே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். டின்சி அன்று லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டு தடவை ஜிஸ்மியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள்.

சாயங்காலம் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து புருஷன் ஜிதின் வந்ததும், ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"மனுஷியாங்க அவ? அந்த நோயை வச்சுக்கிட்டுப் பச்சைப் பிள்ளையைத் தூக்கியிருக்கா! நான் மட்டும் அந்த அட்டையைப் படிக்கலேன்னா?"

ஜிதின் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அக்கா வாயைத் திறக்கவே இல்லையா?"

"எங்க திறந்தா? சீட்டைக்கூடக் காட்டல."

"காட்ட மாட்டாங்க. பைபிள் மேல அடிச்சு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன்."

"என்ன சொல்றீங்க?"

"சீட்டுல இருக்கிறது என் பேரு, டின்சி. மூணு மாசமா எனக்கு டி.பி. மாத்திரையெல்லாம் வாங்கி வச்சிருக்கிறது அவங்கதான்; அவங்க முன்னாலதான் தினமும் முழுங்குறேன். இனி என்கிட்டேயிருந்து யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்." அவன் நிமிரவில்லை. "உங்கப்பா போனதிலிருந்து அந்த நோயோட பேரைக் கேட்டாலே நடுங்குறே. பிள்ளையைத் தூக்கிட்டுக் கம்பத்துக்குப் போயிருவியோன்னு பயம். அக்காவைத் துரத்திட்டாங்கன்னு மத்தியானமே ஸ்டோர்ல சொன்னாங்க. அப்பவும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

டின்சி குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சுவர்வரை பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ... அப்ப ஜிஸ்மிக்கு?"

"நீ வேலைக்குப் போனப்ப எடுத்த டெஸ்டுல ஒண்ணுமில்ல. ஆனாலும் நோய் வராம இருக்க ஆறு மாசம் மருந்து குடுக்கணும்னாங்க. உனக்குத் தெரியாம மடுவத்துல வச்சு, ஒரு நாள் தவறாம அதை அவளுக்கு ஊட்டினது சாந்தம்மாக்காதான்."

ஜிதின் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்குத்தான் குடுக்கல."