குறி தப்பிய மாம்பழங்கள்

முதல் மாம்பழம் தமிழ்வேந்தனின் நெற்றியில் விழுந்தது.

சாமிக்கு மாம்பழம் வீசும் திருவிழா. பிட்சாடனர் கோலத்தில் சிவன் வரும் பவழக்கால் சப்பரம் இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் வீசிவிட்டவள் என் மனைவி லோகாம்பாள். மாடியில், விழுந்துவிடாமல் இருக்க நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டி உட்கார வைத்திருந்தேன்.

ஹண்டிங்டன் நோய். லட்சத்தில் சிலருக்கே வருமாம். கைகால் அவள் பேச்சைக் கேட்காது, தானே ஆடும். கல்யாணமானதிலிருந்து அவளிடம் வாங்காத அறைகளை எல்லாம் இப்போது வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்வேந்தன் விழாக்குழுவின் துணைத்தலைவர். பட்டுத்துண்டு, பேட்ஜ். பழம் விழும்வரை தெருவில் நின்று, இதெல்லாம் வெறும் நரம்புத் தளர்ச்சி, திருநள்ளாற்றில் ஒரு எள் தீபம் போட்டால் ஓடிவிடும் என்று மாடியைப் பார்த்து வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து என் மகள் முத்தமிழிடம் திரும்பினார். இந்த வருஷமாவது ஒரு பழத்தைப் பிடித்துச் சாப்பிடு, பிள்ளை பிறக்கும் என்றார். ஊருக்கே கேட்டது.

முத்தமிழ் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. வருஷா வருஷம் அப்படித்தான்.

அம்மாவின் நோய் அவளுக்கும் வரலாம். பாதிக்குப் பாதி. அவளுக்கு இருந்தால் பிள்ளைக்கும் அதே பாதி. தெரியாமல் பெற மாட்டேன் என்றிருந்தாள். நேற்று சென்னையில் பரிசோதனை முடிவு சொல்கிற நாள். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

சப்பரம் வந்தது.

மாடிக்கு மாடி பழம் பறந்தது. தெரு முழுக்கக் கைகள். மற்றவர்கள் வேண்டியவர்களைக் குறிபார்த்து வீசினார்கள். லோகாம்பாளின் பழங்கள் மின்கம்பியையும் நாதஸ்வரக்காரரையும் தேடிப் போயின. கூட்டம் அவற்றுக்குத்தான் அடித்துக்கொண்டது.

திடீரென்று முத்தமிழ் தெருவில் குதித்தாள். முந்தானையை விரித்தாள்.

லோகாம்பாளின் கை எங்கோ போய், எங்கோ சுற்றி, ஒரு பழத்தை விட்டது.

துணைத்தலைவரை இடித்துத் தள்ளிவிட்டுப் பிடித்தாள் என் மகள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு இல்லை. மகளுக்கு நோய் இல்லை. மொட்டைமாடியில் நான் போட்ட கூத்தைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

மூச்சிரைக்க மேலே வந்தாள். முடிவு நல்லபடிதானே என்று கேட்டே விட்டேன்.

பழத்தைத் தோலோடு கடித்தாள். கொஞ்சம் சதையை விரலில் மசித்து, அம்மாவின் உதட்டில் தடவினாள்.

"சென்னை வரைக்கும் போயும் முடிவை வாங்கலப்பா. அம்மா மாதிரி ஒண்ணு பொறந்தா, வேணாம்பீங்களா?"