பன்னிரண்டாம் பக்கம்

"மேடம், மூணாவது பிரதியிலயும் அதே வேலை நடந்திருக்கு" என்று உதவியாளர் அந்தப் படப்புத்தகத்தை நூலகரின் மேசைமேல் விரித்து வைத்தார்.

பன்னிரண்டாம் பக்கம். ஒரு சிறுவனுக்கு அவன் அப்பா குந்தி உட்கார்ந்து, வாய் நிறையச் சிரிப்போடு வயலினை நீட்டுகிற படம். அந்தச் சிரிப்பின் மேல் யாரோ நீலப் பேனாவால் தாள் கிழிகிற அளவுக்குக் கிறுக்கியிருந்தார்கள். கீழே ஒரு வரி: "இது பொய். இப்படி நடக்கவில்லை."

"பிள்ளைங்க யாராவது கிறுக்கியிருக்குமோ?"

"பிள்ளைங்க எழுத்தா இது? அந்த 'லை'யைப் பாருங்க, பழைய மாதிரி துதிக்கை போட்டு எழுதியிருக்கு. வயசான ஆளுதான்."

நூலகர் தாள் கிழிந்த இடத்தை விரலால் நீவிவிட்டார். இசைக் கலைஞர்களின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குச் சொல்லும் இந்தப் படப்புத்தக வரிசையை வரவழைக்க, தலைமை அலுவலகத்துக்குப் பதினொரு கடிதம் எழுதியவர் அவர். அதிலும் இந்தப் புத்தகத்தை எழுதியவர் அந்தப் புகழ்பெற்ற வயலின் கலைஞரேதான். தன் கதையைத் தானே எழுதியிருந்தார். வருகிற சனிக்கிழமை குழந்தைகளுக்கு அதைப் படித்துக் காட்ட நேரில் வருவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஆசாமி மேலதான் சந்தேகம்" என்றார் உதவியாளர்.

நூலகருக்கும் அதே சந்தேகம்தான். இரண்டு மாதமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு பெரியவர் தனியாக வருவார். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்காருவார். வேறு எந்தப் புத்தகத்தையும் தொட மாட்டார். "பேரப்பிள்ளைக்குங்களா?" என்று ஒருமுறை நூலகர் கேட்டதற்கு, "அப்படி யாரும் என்கூட இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கவிழ்த்து வைத்ததுதான் நூலகரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"வயித்தெரிச்சல், மேடம். ஒரு காலத்துல அவர்கூட வாசிச்சுட்டு முன்னுக்கு வராமப் போனவரா இருப்பாரு. சனிக்கிழமை கூட்டத்துல புகுந்து கலாட்டா பண்ணிட்டா நம்ம கதை என்ன ஆறது?"

"அதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை வருதில்ல. கையும் களவுமாப் பிடிச்சுடுவோம்."

செவ்வாய்க்கிழமை, கிறுக்கல் படாமல் மிச்சமிருந்த ஒரே பிரதியை அலமாரியின் முன்வரிசையில் வைத்துவிட்டு, நூலகர் பின்பக்கம் நின்றுகொண்டார். புத்தகங்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. அது போதும்.

பெரியவர் வந்தார். நேராக அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தார். சிறுவன் இரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டு வயலின் வாசிப்பதுபோல் பாவனை செய்யும் பக்கம் வந்ததும், படத்தில் இருந்த சிறுவனின் தலையை ஒரு விரலால் தடவினார். 'என்ன நடிப்பு' என்று நூலகர் பல்லைக் கடித்தார்.

பன்னிரண்டாம் பக்கம் வந்தது. பெரியவர் சுற்றும்முற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

நூலகர் ஒரே எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "பேனாவைக் கீழ வைங்க. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

பெரியவர் திமிறவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். "கூப்பிடும்மா. தப்புதான்."

"மூணு புத்தகத்தைப் பாழாக்கியிருக்கீங்க. இது நாலாவதா? ஒரு மனுஷன் பாடுபட்டு மேல வந்திருக்காரு. இந்தக் கதையைப் படிச்சுட்டு, பிடிச்சதை விடாம செய்யணும்னு எத்தனை பிள்ளைங்க கத்துக்க ஆரம்பிச்சிருக்கு தெரியுமா? உங்களுக்கு எங்க எரியுது?"

"அவன்மேல எனக்கு என்னம்மா எரிச்சல்? அவன் ரேடியோவுல வாசிச்சா நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

"அவன் இவன்னு பேசாதீங்க. மத்த பக்கம் எதையும் தொடாம, அவங்க அப்பா முகத்தை மட்டும் ஏன் கிறுக்கணும்?"

"அது மட்டும்தான் பொய். மத்தது எல்லாம் நிஜம்" என்றார் பெரியவர். "சின்னப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம். அதுல பொய் இருக்கலாமா?"

"எழுதினவரு அவரு. அவரோட அப்பா வயலின் வாங்கிக் கொடுத்தாருன்னு அவரே சொல்றாரு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?"

"வாங்கிக் கொடுக்கலம்மா. மூணு வருஷம் வீடு வீடாப் பால் பாக்கெட் போட்டு, பையன் தானாத்தான் வாங்கினான். அப்பன் அதைப் பிடுங்கிச் சுவத்துல ஓங்கி அடிச்சான். சுக்குநூறாப் போச்சு. அன்னைக்கே பையன் கதவைத் திறந்து போனவன்தான், திரும்பி வரல. முப்பத்திரண்டு வருஷமாச்சு."

நூலகர் விடவில்லை. "பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி பேசறீங்க. அந்த வீட்டுல நீங்க இருந்தீங்களா?"

பெரியவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சிரிக்கிற அப்பாவின் மேல் விரலை வைத்தார்.

"உடைச்சவனே நான்தாம்மா. நாலு பேர் என்னைத் தப்பா நினைச்சுடக் கூடாதுன்னு என் பையன் பொய் எழுதியிருக்கான்."